அற்கேன்களின் பெயரிலக்கணம்

வைரவிழா மலருக்குத் தமிழாசிரியர் ஒருவர் கட்டுரை எழுதுகின்றார் எனின், கல்லூரி அன்னையின் பழம்பெருமையையோ புலவர் பெருமக்களின் வரலாற்றையோ அவர் எழுதுவார் என்றே அன்பர்கள் எதிர்பார்ப்பர். அவற்றை எழுதத் தக்கார் பலர் உளர். நாம் எடுத்துக்கொண்ட பொருள், சேதன இரசாயனத்தில் அற்கேன்கள் எனப்படும் பாடம். அயலார் வேலிக்குள் தமிழாசிரியர் தலை நீட்டுகின்றார் என்று இரசாயன ஆசிரியர்கள் எண்ணல் வேண்டா. விழாவின் பெயரே வைரம், வைரமோ காபன். வைரத்தில் ஒவ்வொரு காபன் அணுவும் தன் நான்கு அயலணுக்களைப் பற்றி நிற்கும் அதே முறையிலேதான் அற்கேன்களிலும் நிற்கின்றது. ஆதலின் இப்பொருள் இம்மலருக்கு முற்றும் புறம்பானதன்று.

உயர்தர வகுப்பு மாணாக்கர் மரநிழலில் அமர்ந்து "மெதேன், எதேன், புறொப்பேன், பியூற்றேன்" என்று வாய்ப்பாடு ஒப்புவிப்பதுபோல உருப்போடுவதை ஆண்டுதோறுங் காண்கின்றோம். பரீட்சை முடிந்த மறுதிங்களில் அவற்றுட் பாதி அவர்தம் நினைவை விட்டு அகலுகின்றது. நினைவாற்றற் குறைவு இதற்குக் காரணமன்று. அற்கேன்களின் பெயர்கள் நினைவில் வைத்தற்கென ஆக்கப்பட்டவையல்ல; பிரித்துப் பொருள் காண்டற்கென ஆக்கப்பட்டவை. பகுபத உறுப்பிலக்கணம் படித்த மாணாக்கன் ஒருவனுக்கு அவை எளிதில் விளங்கற்பாலன. அங்ஙனம் விளங்கவைக்கும் பொறுப்பில் தமிழாசிரியர்க்கும் பங்குண்டு என்பதே நாம் ஈண்டுக் கூறவந்தது. அதனோடு ஒட்டிய கருத்து மற்றொன்றும் உண்டு: இப்பெயர்களின் வேர்களைத் தமிழாக்க முயல்வது வீண்முயற்சி, ஆனால் அவ்வேர்களைப் பொருத்தும் மூட்டுகளைத் தமிழாக்காது விடுவது சோம்பல்.

முதலில் அமைப்பைப் பார்ப்போம். காபனின் வலுவளவு நான்கு என்பதை 1858ஆம் ஆண்டிற் செருமானியராகிய கெக்குலேயும் ஸ்கொத்லாந்தினராகிய கூப்பரும் தனித்தனியே வெளியிட்டனர். அந்நான்கு கைகளும் நாம் கரும்பலகையில் வரைவதுபோல ஒரே தளத்திற் கிடப்பனவல்ல. நான்முகி ஒன்றின் நான்கு மூலைகளை நோக்கி, ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 109½ பாகை விலகி நிற்பன என்பதை 1874இல் ஒல்லாந்தராகிய வான்ற் ஹொவ்வும் பிரான்சியராகிய லெ பெல்லும் காட்டினர். காபன் அணுக்கள் ஒற்றைப் பிணைப்பினாற் கைகோத்துச் சங்கிலியாகி, எஞ்சிய கைகள் அனைத்தையும் ஐதரசன் நிரப்பிவிடின் கிடைப்பது அற்கேன். காபனின் தொகையை இரட்டித்து இரண்டைக் கூட்டினால் ஐதரசனின் தொகை வரும்: ஒரு காபனுக்கு நான்கு, இரண்டுக்கு ஆறு, பத்துக்கு இருபத்திரண்டு. கூட்டும் அவ்விரண்டு எங்கிருந்து வந்தன? நடுவில் நிற்கும் ஒவ்வொரு காபனுக்கும் ஐதரசன் இரண்டு. இரு முனைகளிலும் நிற்பவற்றுக்கு மட்டும் ஒவ்வொன்று மிகுதி. இதனை ஒருமுறை சொல்லிக்கொடுத்தால், மாணாக்கன் சூத்திரத்தை உருப்போட வேண்டியதில்லை. வேண்டும்போதெல்லாம் தானே ஆக்கிக்கொள்வான்.

காபன் மூன்று வரையும் சங்கிலி ஒரே வகையாகவே அமையும். நான்காயினவுடன் கிளைக்க இடமுண்டாகின்றது. பியூற்றேனுக்கு வடிவம் இரண்டு, பென்ரேனுக்கு மூன்று, எட்சேனுக்கு ஐந்து, எப்ரேனுக்கு ஒன்பது, ஒக்டேனுக்குப் பதினெட்டு, பத்துக் காபன் கொண்டதற்கு 75. இருபது காபன் கொண்டதற்கோ 366,319. ஒரே அணுக்கள், ஒரே தொகை, வேறுவேறு கட்டுமானம். இவற்றைச் சமபகுதியங்கள் என்பர். ஆங்கிலக் கணித மேதை ஆதர் கேலி என்பார் 1870களில் இவற்றை எண்ணுதற்கு, கிளைவிடும் மரங்களை எண்ணுங் கணிதத்தைத் துணைக்கொண்டார். மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட உருவங்களுக்குப் பெயரிட வேண்டின், எந்த மொழியிற்றான் அத்தனை பெயர்ச்சொற்கள் உள? எனவேதான் இரசாயனவியலார்க்கு இலக்கணம் வேண்டியதாயிற்று.

முதல் நான்கு பெயர்கள் அவ்விலக்கணம் பிறக்குமுன் பிறந்தவை. வழக்காற்றில் வந்த இடுகுறிப் பெயர்கள்போலத் தோன்றினும் ஆராய்ந்தாற் காரணப் பெயர்களே. மெதேனின் 'மெத்' மதுவைக் குறிக்குங் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மரத்தைக் காய்ச்சி வடித்த சாராயத்துக்குப் பிரான்சிய அறிஞர் இட்ட பெயரின் எச்சம் அது. எதேனின் 'எத்' ஈதரிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் எரிதலைக் குறிக்கும் வேரோடு உறவுடையது. புறொப்பேனிலே 'முதற் கொழுப்பு' என்னும் பொருள் மறைந்து கிடக்கின்றது. பியூற்றேனிலே வெண்ணெய் மணக்கின்றது. ஊசிப்போன வெண்ணெயின் அமிலத்திலிருந்து அப்பெயர் எடுக்கப்பட்டது. ஐந்து முதலாக எண்ணுப்பெயர்கள் தொடங்குகின்றன. அவை கிரேக்க எண்கள். ஆயின் ஒன்பதுக்கு உரிய நொனேன் மட்டும் இலத்தீன் வரிசையிலிருந்து புகுந்துகொண்டது. பதினொன்றிலும் அவ்வாறே. ஒழுங்கை விரும்பும் மாணாக்கர் இதனைக் கண்டு முகஞ்சுளிப்பர். நாம் அவர்க்குக் கூறுவது: தமிழிலும் ஒன்பது அத்தகைய குறும்புக்கார எண்ணே. எட்டுப் பத்து எண்பதாயிற்று. ஒன்பது பத்தோ தொண்ணூறாயிற்று. தொண்டு என்னும் பழஞ்சொல் ஒன்பதைக் குறித்து நின்று வழக்கொழிந்தது. எண்களின் வரிசையில் ஒன்பதாம் வீட்டுக்கு ஏதோ கிரகதோஷம் உண்டுபோலும்.

இனி விகுதியைக் கவனிப்போம். 1866ஆம் ஆண்டில் செருமானியராகிய ஹொவ்மன் என்பார் ஓர் அரிய முறையை முன்மொழிந்தார். ஐதரசன் நிரம்பியதற்கு ஐரோப்பிய உயிர்வரிசையின் முதலுயிரையும், இரண்டு குறைந்ததற்கு அடுத்த உயிரையும், மேலும் இரண்டு குறைந்ததற்கு அதற்கடுத்த உயிரையும் விகுதியிலே வைக்கலாம் என்றார். அதன் பயனாகவே எமது பாடநூல்களில் அற்கேன், அற்கீன், அற்கைன் என்னும் மூன்று குடும்பங்களும் எதேன், எதீன், எதைன் என்னும் மூன்று பொருள்களும் வந்தன. இவ்விடத்திலே தமிழாசிரியன் சற்று உரத்த குரலிற் பேச உரிமையுண்டு. ஏகாரத்துக்கும் ஈகாரத்துக்கும் இடையில் உள்ள வேறுபாடு ஒரு கொம்பும் ஒரு சுழியும். எதேன் புரோமீனின் செந்நிறத்தை இருட்டிலே தொடாது. எதீனோ அதனைக் கண்டவுடன் நிறமிழக்கச் செய்யும். விடைத்தாளில் எதீன் என எழுதவேண்டிய இடத்தில் எதேன் என எழுதியவன் செய்தது எழுத்துப்பிழை என்று தமிழாசிரியரும், அது எமது பாடமன்று என்று இரசாயன ஆசிரியரும் கைவிடுவரேல், அப்பிள்ளையைத் திருத்துவார் யார்?

1892ஆம் ஆண்டில் ஜெனீவாவிற் கூடிய இரசாயனவியலாரின் மாநாடு இவ்விலக்கணத்துக்கு அடித்தளமிட்டது. மிக நீண்ட காபன் சங்கிலியே பெயரின் தலைச்சொல். கிளைகள் அதற்கு அடைமொழி. 1919இல் அமைந்த சருவதேச இரசாயன ஒன்றியம் அதனை விரித்து இன்றுவரை பேணிவருகின்றது. கிளைகள் தொடங்கும் இடத்தை எண்ணாற் குறித்தல், அவ்வெண்கள் இயன்றவரை சிறியவாய் வருமாறு ஏற்ற முனையிலிருந்து எண்ணத் தொடங்குதல் என்பன துணைவிதிகள். 2-மெதயில்பியூற்றேன் என்னும் பெயரைப் பிரித்துப் பாருங்கள். பியூற்றேன் தலைச்சொல், நான்கு காபன். மெதயில் அடைமொழி, ஒரு காபன் கொண்ட கிளை. 2 என்பது இடம் குறிக்கும் உருபு. அடைமொழி முன்னும் தலைச்சொல் பின்னுமாக நிற்பது தமிழுக்கு இயல்பான தொடரமைப்பு. செந்தாமரையையும் வெண்கலத்தையும் பிரித்து விளக்கப் பழகிய பிள்ளைக்கு இதில் அச்சம் எழக் காரணமில்லை.

அச்சம் எழாவிடினும் பிழை எழும். கரும்பலகையில் நேராக வரைந்த கோடுதான் தலைச்சங்கிலி என்று கண் நம்பிவிடுகின்றது. நேர்கோட்டில் நான்கு காபனும் இரண்டாங் காபனிலிருந்து இரு காபன் கொண்ட கிளையும் வரைந்தால், மாணாக்கன் உடனே 2-எதயில்பியூற்றேன் என எழுதுவான். கிளையையும் சேர்த்து வளைந்து எண்ணிப் பார்த்தாற் சங்கிலி ஐந்து காபன் நீளமுடையது. அதன் உண்மைப் பெயர் 3-மெதயில்பென்ரேன். செய்யுளிலே அடி முடிந்த இடத்திற் பொருளும் முடிந்ததென்று கருதி உரை கூறும் தொடக்க மாணாக்கன் செய்யும் பிழையும் இஃதே. கொண்டுகூட்டிப் பொருள்கோடல் என்பதை அறிந்தவன், தாளில் உள்ள வரிசை வேறு, உள்ளே ஓடும் தொடர் வேறு என்பதை உணர்வான். ஒரு பாடத்திற் பெற்ற பயிற்சி மற்றொன்றுக்கு உதவும் என்று பிள்ளைகளுக்கு நாம் சொல்லாவிடின், அவர்கள் இரண்டையும் இருவேறு பெட்டிகளிற் பூட்டி வைத்துவிடுவர்.

தூய தமிழ் விரும்புவார் சிலர் மெதேன் முதலியவற்றையும் மொழிபெயர்த்தல் வேண்டும் என்பர். அவர்தம் அன்பை மதிக்கின்றோம். சதுப்பு நிலத்தில் எழும் மெதேனுக்குக் கொள்ளிவாயு என்றொரு பெயருண்டு. கொள்ளிவாய்ப் பேய் என்று ஊரார் அஞ்சிய இரவுச் சுடரை நினைவூட்டும் அழகிய பெயர். ஆனால் அப்பெயருக்குப் பிள்ளைகள் இல்லை. கொள்ளிவாயுவிலிருந்து மெதயிலை எங்ஙனம் பெறுவது? மெதனோலை எங்ஙனம் பெறுவது? புறொப்பேனுக்கு அதனோடு உறவுடைய பெயர் யாது? இரசாயனப் பெயருக்கு அழகிலும் கிளைக்கும் ஆற்றலே முதன்மையானது. மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றி மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், 1875இல் வெளிவந்த தமிழ் இரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்றே பெயரிட்டார். காதுக்கு இனிதன்று எனினும் அஞ்சாமற் செய்த காரியம். பின்னர் 1936இற் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் எமது சுவாமி விபுலாநந்தர். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1943இல் அமர்ந்த அவர், இளமையிலே இரசாயனங் கற்பித்தவர் என்பதைத் தமிழாசிரியரும் மறந்தனர். இரசாயன ஆசிரியரும் மறந்தனர்.

வேரை விட்டுவிடுவோம், மூட்டுக்கு வருவோம். காபனீரொட்சைட்டு என்னுஞ் சொல்லை ஆக்கிய இலங்கை அறிஞர்க்குத் தமிழுலகு கடமைப்பட்டுள்ளது. காபனும் ஒட்சைட்டும் பிறமொழி. நடுவில் நிற்கும் ஈர் தமிழ். இரண்டு என்னும் எண் உயிர்முன் ஈர் ஆகும் என்னும் விதி, கடல் கடந்து வந்த ஒட்சைட்டுக்கும் பொருந்தி நின்றது. காபனாற்குளோரைட்டு என்பதில் நான்கு என்பது நால் ஆகி, லகரம் வல்லினத்தின்முன் றகரமாய்த் திரிந்தது. இவற்றைக் கற்கும் பிள்ளை தன்னை அறியாமலே புணரியல் கற்கின்றது. இம்முறையை அற்கேன்களுக்கும் கடைப்பிடிப்பின் இரு மெதயில் கிளைகள் இருமெதயில், மூன்றாயின் மும்மெதயில், நான்காயின் நான்மெதயில். எதயில் உயிரெழுத்தில் தொடங்குவதால் ஈரெதயில், மூவெதயில். இருமொழி, மும்மொழி, நான்மறை, ஈரெழுத்து, மூவெழுத்து என்பவற்றை வழங்கும் எவர்க்கும் இவை அயற்சொற்கள் ஆகா. இப்போதோ இருமெதயில் என்பதும் டைமெதயில் என்பதும் இருவகையாகவும் வழங்கக் காண்கின்றோம். டகரம் மொழிக்கு முதலில் வாராது என்னும் பழைய விதியைக் காட்டி இதனை நாம் மறுக்கவில்லை. அவ்விதி தளர்ந்து நெடுநாளாயிற்று. எண் தமிழில் இருக்கும்போது பொருள் உடனே மனத்திற் படுகின்றது என்பதே எமது நியாயம். ஒரே பிள்ளை கனிப்பொருட் பாடத்தில் ஈர் என்றும் சேதனப் பாடத்தில் டை என்றும் எண்ண வேண்டியதேன்?

சொல்லப்படாத இடர் ஒன்று உண்டு. வெவ்வேறு கிளைகள் இருப்பின் அவற்றை ஆங்கில நெடுங்கணக்கின் வரிசைப்படி எழுதவேண்டும் என்பது சருவதேச விதி. தமிழ் வரிசையில் எதயில் முதலிலும், பின் பியூற்றயில், புறொப்பயில் என்பனவும், இறுதியில் மெதயிலும் வரும். ஆங்கில வரிசையிலோ பியூற்றயில், எதயில், மெதயில், புறொப்பயில் என்பதே முறை. ஒன்பது காபன் சங்கிலியில் ஐந்தாம் இடத்தில் மெதயிலும் நான்காம் இடத்திற் புறொப்பயிலும் கிளைத்தால், பெயர் 5-மெதயில்-4-புறொப்பயில்நொனேன். தமிழ் அகரவரிசையை நன்கு கற்ற பிள்ளை, கற்ற காரணத்தினாலேயே புறொப்பயிலை முன்வைத்து மதிப்பெண்ணை இழக்கும்! குளோரோவும் புரோமோவும் சேர்ந்து வரும்போதும் இக்கதியே. விதியை மாற்றுமாறு நாம் கேட்கவில்லை. உலகெங்கும் ஒரே வரிசை இருத்தல் நன்றே. ஆனால் "இவ்வரிசை ஆங்கில எழுத்துகளின் வரிசை, உன் மொழியின் வரிசையன்று" என்று பாடநூலில் ஒரு வரியேனும் தடித்த எழுத்தில் இருத்தல் வேண்டும். ஆசிரியரும் அதனை வாய்விட்டுச் சொல்லல் வேண்டும். சொல்லாமல் விட்டால், தமிழிற் கற்பது பிழைக்கு வழி என்ற எண்ணம் பிள்ளையின் உள்ளத்திற் படிந்துவிடும். அவ்வெண்ணம் ஒரு மதிப்பெண்ணிலும் பெரிய நட்டம்.

பெயர் அறிந்தால் மட்டும் போதுமா, பொருளின் இயல்பு தெரிய வேண்டாமா என்பார்க்கு விடை: பெயரைப் பிரிக்கத் தெரிந்தவனுக்கு இயல்பிற் பாதி கைவந்தது. அற்கேன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று மிக மெலிதாகவே கவரும். சங்கிலி நீள நீள அக்கவர்ச்சி கூடும். அதனோடு கொதிநிலையும் ஏறும். மெதேன் பூச்சியத்துக்குக் கீழ் 161 பாகையளவிலே கொதித்துவிடும். புறொப்பேன் பூச்சியத்துக்குக் கீழ் 42 பாகையில். பென்ரேன் 36 பாகையில். ஒக்டேன் 126 பாகையில். கிளைத்தால் மூலக்கூறு உருண்டையாகித் தொடுபரப்புக் குறையும், கொதிநிலையும் இறங்கும். நேர்ச்சங்கிலிப் பென்ரேனுக்கு 36 பாகை, 2-மெதயில்பியூற்றேனுக்கு 28, 2,2-இருமெதயில்புறொப்பேனுக்கு 9½. மூன்றும் ஒரே அணுக்களால் ஆயவை. யாழ்ப்பாணத்து நண்பகலில் முதலாவது போத்தலில் திரவமாய் நிற்க முயலும், மூன்றாவது வாயுவாகிவிடும். பெயரே இதனைச் சொல்லிவிடுகின்றதன்றோ?

இம்மண்ணின் அனுபவமும் இதற்குச் சான்று. 1990களின் முற்பகுதியிற் குடாநாட்டில் மின்சாரமும் பெற்றோலும் அற்றுப்போன ஆண்டுகளைப் பழைய மாணவர் பலர் மறந்திரார். மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயிற் கிளம்பாது. சில துளி பெற்றோலை முதலில் ஊட்டிய பின்னரே உறுமும். அக்காலத்தில் இதனை ஒரு கைப்பழக்கமாகவே எல்லாரும் செய்தனர். காரணம் சங்கிலியின் நீளம். மண்ணெண்ணெயின் ஐதரோகாபன்கள் பெரும்பாலும் பத்துக்கும் பதினாறுக்கும் இடைப்பட்ட காபன் கொண்டவை, எளிதில் ஆவியாகா. பெற்றோலில் உள்ளவை அவற்றினும் குறுகியவை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு எரித்த விளக்கின் ஒளியிலேயே அன்றைய மாணாக்கர் சேதன இரசாயனம் படித்தனர். போத்தல் விளிம்பிலும் மூக்கிலும் படிந்த கரி, போதிய ஒட்சிசன் கிடையாத தகனத்தின் விளைவு. பூரண தகனமாயின் கிடைப்பன காபனீரொட்சைட்டும் நீரும் மட்டுமே. காற்றுக் குறையின் கரியும், கரியினும் கொடிய காபனோரொட்சைட்டும் உண்டாகும். பாடமும் பாடத்துக்கு ஒளிதந்த விளக்கும் ஒன்றாயிருந்த காலம் அது. அதனை எடுத்துக்காட்டாகக் கூறும் வினாத்தாளையோ குறிப்பையோ நாம் இன்றுவரை கண்டிலோம்.

அண்மைக் காலமும் பாடம் புகட்டியது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாடெங்கும் வீடுகளிற் சமையல்வாயு அடுப்புகள் வெடித்த செய்திகள் தொடர்ந்தபோது, உருளைகளில் உள்ள புறொப்பேனுக்கும் பியூற்றேனுக்கும் இடைப்பட்ட விகிதம் மாறியமை பேசுபொருளாயிற்று. ஒருநாளும் கேளாத இரு பெயர்கள் செய்திகளில் அடிபட்டன. பியூற்றேன் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே கொதிப்பது. புறொப்பேன் அதனினும் நாற்பது பாகையளவு கீழே கொதிப்பது. ஆகவே எமது வெப்பநிலையில் தூய புறொப்பேனின் அமுக்கம் பியூற்றேனினதிலும் மூன்று மடங்குக்கு மேற்பட்டது. குழாயும் இணைப்பும் எதற்கென அமைக்கப்பட்டனவோ அதனினும் அமுக்கம் மிகுந்தால் வாயு கசிய வழியுண்டு என்பது உயர்தர வகுப்பு மாணாக்கன் எவனும் தன் தாய்க்கு அடுக்களையில் நின்று விளக்கக்கூடிய செய்தி. எத்தனை பேர் விளக்கினர் என்பதை ஒவ்வொரு வீட்டாரும் அறிவர். பரீட்சைத் தாளில் மட்டும் வாழும் அறிவாக அதனை நாம் கொடுத்திருந்தால், அடுக்களையில் அது வாய் திறவாதிருந்ததில் வியப்பில்லை.

2022இல் எரிபொருளுக்காக வரிசையில் நின்ற நாள்களிலே, நிரப்பு நிலையப் பலகைகளில் 92 ஒக்டேன், 95 ஒக்டேன் என்னும் எழுத்துகளை வாசிக்க எல்லார்க்கும் போதிய நேரமிருந்தது. இங்கே ஒரு வேடிக்கை. அளவுகோலாகக் கொள்ளப்படும் ஒக்டேன் நேர்ச்சங்கிலி ஒக்டேனன்று. அதன் சமபகுதியங்களுள் ஒன்றாகிய 2,2,4-மும்மெதயில்பென்ரேன். அதற்கு நூறு என்றும், எஞ்சினில் எளிதில் இடித்து எரியும் நேர்ச்சங்கிலி எப்ரேனுக்குச் சுழியம் என்றும் 1920களில் வகுத்தனர். 92 என்றால், முன்னதில் 92 பங்கும் பின்னதில் 8 பங்கும் கலந்த கலவைக்கு ஒப்பாக இடியாது எரிவது. நேர்ச்சங்கிலி ஒக்டேனோ சுழியத்துக்குங் கீழே கிடப்பது! எண்ணிக்கையில் எட்டுக் காபன் என்பதாற் பலகையில் ஒக்டேன் என்றனர். இலக்கணப்படி அதன் தலைச்சொல் பென்ரேன். வழக்கு ஒன்று, இலக்கணம் ஒன்று என நிற்கும் இத்தகைய இடங்கள் தமிழ் வகுப்பிலும் நாள்தோறும் வருவன.

தாக்கங்களைப் பற்றிச் சுருங்கச் சொல்வோம்; அற்கேன்கள் தாக்கமுறுவதிற் சுருக்கமானவையே. பரபின் என்ற பழம்பெயரின் பொருளே 'பற்றுக் குறைந்தது' என்பது. 1830இல் ரைக்கன்பாக் என்பார் மரக்கீலிலிருந்து பரபின் மெழுகைப் பிரித்தெடுத்தார். அமிலமும் காரமும் அதனை அசைக்காமை கண்டு இலத்தீனில் அப்பெயர் வந்தது. பற்றற்றான் என்று சைவப் பிள்ளைகளுக்கு விளக்க ஏற்ற பெயர் எனினும், நெருப்பைக் கண்டால் அப்பற்றின்மை நில்லாது. ஒளியில் குளோரீனோடு சேரினும் நில்லாது. ஒளிபட்டுக் குளோரீன் மூலக்கூறு இரண்டாய்ப் பிளந்து, பிளந்த அணு மெதேனின் ஓர் ஐதரசனைப் பறிக்க, பறிகொடுத்த மெதயில் மூலிகம் மற்றொரு குளோரீன் மூலக்கூற்றைப் பிளக்க, தாக்கம் சங்கிலித் தொடராய் நடக்கின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என ஐதரசன்கள் நீங்க அவ்விடங்களிற் குளோரீன் அமரும். இறுதியில் வருவது நாம் மேலே கண்ட காபனாற்குளோரைட்டு.

இரசாயன ஆசிரியர் இதனைப் பிரதியீடு என்பார். சேதனத் தாக்கங்களுள் முதன்மையான மூன்று கூட்டல், பிரதியீடு, நீக்கல். புணர்ச்சியில் வரும் விகாரங்களும் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று. தோன்றுவது கூட்டல், ஒன்று நீங்கிய இடத்தில் மற்றொன்று வருவது திரிதல், கெடுவது நீக்கல். அற்கேனிற் கைகள் யாவும் நிரம்பியிருத்தலின் அதற்குக் கூட்டல் இயலாது; திரிதல் ஒன்றே எளிதில் இயலும். இரட்டைப் பிணைப்புள்ள அற்கீனுக்குக் கூட்டல் உண்டு. ஒப்புமையை எல்லை கடந்து இழுத்தல் ஆகாது. எழுத்துகளுக்கு வலுவளவு இல்லை. ஆயினும் நன்னூலைக் கசப்பு மருந்தாகக் கருதும் விஞ்ஞானப் பிரிவு மாணாக்கனுக்கு இதனைக் காட்டியபோது, அவன் முகத்தில் தோன்றிய மலர்ச்சியை நாம் பலமுறை கண்டுள்ளோம்.

பல்கலைக்கழகத்தில் எல்லாம் ஆங்கிலமாயிருக்கையில் இத்தனை பாடு எதற்கு என்பார் உளர். வேர்களை நாம் மாற்றாததே அவர்க்கு விடை. மெதேன் அங்கும் மெதேனே. இரு, மும், நான் என்பவற்றுக்கு ஈடான மூன்று ஆங்கில முன்னொட்டுகளை ஒரு மாலைப்பொழுதிற் கற்கலாம். பெயரைப் பிரித்துப் பொருள் காணும் பழக்கத்தை ஒரு மாலையிற் கற்றல் இயலாது. அதனைப் பதினாறு பதினேழு வயதில், தான் சிந்திக்கும் மொழியிலேதான் பெறவேண்டும். கவலைக்குரியது வேறொன்று. அற்கேன், அல்கேன், ஆல்கேன் என்று ஒரே பொருள் மூன்று நூல்களில் மூன்று கோலத்தில் வருகின்றது. எம்மவர் காபன், ஐதரசன் என்பர். தமிழ்நாட்டார் கார்பன், ஹைட்ரஜன் என்பர். கடலுக்கு அப்பாலுள்ள நல்ல நூல்கள் எமது மாணாக்கர்க்குப் பயன்படாமைக்கு இஃதொரு காரணம். இருகரையாரும் ஒன்றுபடும் நாள் வரும்வரை காத்திராமல், இரு வழக்கையும் அருகருகே காட்டும் அட்டவணை ஒன்றை நாமே ஆக்கலாம்.

கல்லூரியளவிற் செய்யத்தக்கவை சில. உயர்தர வகுப்பு முதலாம் தவணையில் அற்கேன் பாடம் நடக்கும் வாரத்தில், தமிழாசிரியர் இரசாயன ஆசிரியரோடு ஒரு பாடவேளை அமர்ந்து பெயர் பிரிப்பைக் கற்பித்தல். தவணைப் பரீட்சையிற் கொம்பும் சுழியும் மாறிய இடங்களை இருவரும் சேர்ந்து பார்த்தல். ஆய்வுகூடச் சுவரில் அவ்வட்டவணையைத் தொங்கவிடல். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. அதிபரின் இசைவும் நேரசூசியில் ஓர் இடமும் போதும்.

பழைய மாணவரிடம் நாம் வேண்டுவதும் ஒன்றுண்டு. தமிழ் மொழிமூலத்தில் இரசாயனங் கற்றும் கற்பித்தும் வந்தோர் உங்களுட் பலர். அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட பழைய சொற்றொகுதிகளும், கையால் எழுதிய வகுப்புக் குறிப்பேடுகளும் உங்கள் வீட்டுப் பரண்களிற் கிடக்கக்கூடும். புலம்பெயர்ந்தோர் பெட்டிகளிலும் சில போயிருக்கலாம். விழாவுக்கு வரும்போது அவற்றை நூலகத்திற் சேர்ப்பியுங்கள். பிரதி எடுத்தபின் திருப்பித் தருவோம். எந்தச் சொல் எந்த ஆண்டில் எந்தக் கோலத்தில் எழுதப்பட்டது என்று தொகுக்கும் பணியை, விஞ்ஞானப் பிரிவு மாணாக்கர் அறுவர் தமிழ் மன்றத்திற் பெயர் கொடுத்து ஏற்றிருக்கின்றனர்.